பொடித் தொழிலுக்குப் பதிவும் உரிமமும்: எந்தச் சேவைக்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

"உத்யம், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ., ஜி.எஸ்.டி. மூன்றும் சேர்த்து 6,500 ரூபாய். ஆதாரையும் பான் கார்டையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும்." வீட்டில் பொடி, ஊறுகாய், அப்பளம் செய்து விற்கும் பெண்களுக்கு இப்படி ஒரு செய்தி எப்படியாவது வந்து சேர்ந்துவிடுகிறது. உத்யம் என்பது சிறுதொழில் பதிவு, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்பது உணவுப் பாதுகாப்புப் பதிவு. என் நாத்தனார் அப்பளத் தொழிலுக்கு அந்தச் சேவையை எடுத்தாள். நான் அதே 2024-ஆம் ஆண்டில் என் பொடித் தொழிலுக்கு அரசுத் தளங்களில் நேரடியாகப் பதிந்தேன். இரண்டு வழியையும் அருகிலிருந்து பார்த்ததால் எழுதுகிறேன். அந்த 6,500 ரூபாய் தேவையில்லை என்பதுதான் என் முடிவு. அந்தக் காசுக்கு அவர்கள் செய்து தருவது எளிதான வேலைகளை. கஷ்டமான வேலைகள் அந்தப் பட்டியலிலேயே இல்லை. அவற்றை எப்படியும் நாம்தான் அலைந்து முடிக்க வேண்டியிருக்கிறது.

நான் இருப்பது திண்டுக்கல் மாவட்டத்தில். இட்லிப் பொடி, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, சாம்பார் பொடி, இந்த நான்குதான் என் சரக்கு. வீட்டு முன் அறையில் வறுத்து, அரைத்து, பொட்டலம் போடுகிறேன். என்னைப் போல ஒற்றை ஆளாக நடத்தும் தொழிலுக்குச் சட்டத்தில் தனி உரிமையாளர் நிறுவனம் என்று பெயர். கம்பெனி போலவோ கூட்டு வியாபாரம் போலவோ இதைத் தனியாக எங்கும் பதிய வேண்டியதில்லை. நம் பான் எண்தான் தொழிலுக்கும் பான் எண். "முதலில் ஃபர்ம் ரிஜிஸ்டர் பண்ணணும், அதுக்கு இவ்வளவு ஆகும்" என்று யாராவது ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

முதலில் உத்யம் பதிவைப் பற்றிச் சொல்கிறேன். ஒன்றிய அரசின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் அமைச்சகம் 2020 ஜூலை 1 முதல் நடத்துவது இது. கட்டணம் கிடையாது. எந்தக் காகிதத்தையும் ஏற்ற வேண்டியதில்லை. நாம் சொல்வதை ஏற்றுக்கொண்டு பதிகிறார்கள். ஆதார் எண், அதோடு இணைந்த கைப்பேசி, பான் எண், வங்கிக் கணக்கு எண், இவை கையில் இருந்தால் ஒரே உட்காரலில் முடிந்துவிடும். நான் நிரப்பிய படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. அண்ணன் மகள் பக்கத்தில் உட்கார்ந்து, "அத்தை, ஆதார்ல இனிஷியல் கடைசியில இருக்கு. அதே மாதிரி அடிங்க, இல்லன்னா ஏத்துக்காது" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பெயரைச் சரியாக அடித்தால் ஓ.டி.பி. வந்துவிடுகிறது. அப்புறம் தொழிலின் பெயர், முகவரி, எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், எந்திரத்தில் எவ்வளவு போட்டிருக்கிறோம் என்ற கேள்விகள்தான்.

கவனம் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு, தொழில் வகைக் குறியீடு. என்.ஐ.சி. குறியீடு என்று கேட்பார்கள். மசாலாப் பொருள் அரைப்பதற்கு 10795. அப்பளம் செய்வதற்கு 10796. அதற்கு முன்பே உற்பத்தியா, சேவையா, வியாபாரமா என்ற கேள்வி வரும். நாத்தனாருக்குப் பதிந்துகொடுத்த ஏஜெண்டு அங்கே சில்லறை வியாபாரம் என்று போட்டுவிட்டார். வெறும் பதிவுச் சான்றிதழாகப் பார்த்தால் அதுவும் அழகாகத்தான் இருக்கிறது, க்யூ.ஆர். குறியீடெல்லாம் போட்டு வந்துவிட்டது. ஆனால் 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் ஒரு பெரிய பாதுகாப்பைத் தருகிறது. நம்மிடம் சரக்கு வாங்கிய கடை அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தாமதித்தால் வட்டியோடு தர வேண்டும். உற்பத்தியும் சேவையும் செய்யும் குறு, சிறு நிறுவனங்களுக்குத்தான் இது. வியாபாரிகளை 2021-இல் உத்யமில் சேர்த்துக்கொண்டபோது வங்கிக் கடனில் முன்னுரிமை என்ற ஒன்றுக்காக மட்டுமே சேர்த்தார்கள். மாவு பிசைந்து, தேய்த்து, வெயிலில் காயவைக்கும் ஒருத்தியை வாங்கி விற்பவள் என்று எழுதினால் அந்த 45 நாள் பாதுகாப்பு அவளுக்குக் கிடைக்காமல் போகிறது. டிபார்ட்மெண்டல் ஸ்டோர்களுக்குக் கடனில் சரக்குப் போடுகிறவர்களுக்கு இது எவ்வளவு முக்கியம் என்று தெரியும். நல்லவேளையாக உத்யமில் திருத்தமும் இலவசம். நானே உட்கார்ந்து அவளுக்கு மாற்றிக்கொடுத்தேன்.

உத்யம் தளத்துக்கு நான் ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். புதுப்பிக்கத் தேவையில்லை, ஒரு முறை பதிந்தால் அதே எண்தான். ஒரே எச்சரிக்கை, தேடுபொறியில் "உத்யம் பதிவு" என்று அடித்தால் மேலே விளம்பரமாக வரும் தளங்களைத் திறக்காதீர்கள். அசோகச் சக்கரம், மூவண்ணக் கொடி எல்லாம் போட்டு அரசுத் தளம் போலவே இருக்கும், கடைசிப் பக்கத்தில் பணம் கேட்கும். முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா என்று பாருங்கள். கணினிப் பழக்கம் இல்லாதவர்கள் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போனால் உத்யம் பதிவுக்கு உதவி செய்கிறார்கள், அதற்கும் காசு இல்லை.

அடுத்தது உணவுப் பாதுகாப்புப் பதிவு. பொடி விற்பவளுக்கு இதுதான் உயிர்நாடி. சாப்பிடும் பொருள் செய்து விற்கும் யாரும் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி இதை வாங்கியாக வேண்டும், வீட்டுச் சமையலறையில் செய்தாலும் விதிவிலக்கு இல்லை. விண்ணப்பிப்பது ஃபாஸ்காஸ் என்ற தளத்தில். நான் பதிந்தபோது ஆண்டு விற்பனை 12 லட்சம் வரை இருப்பவர்களுக்குப் பதிவு, அதற்கு மேல் 20 கோடி வரை மாநில உரிமம் என்று இருந்தது. அப்போது பதிவுக்குக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். ஐந்து ஆண்டு வரை சேர்த்தே கட்ட முடிந்தது, நான் 500 ரூபாய் கட்டினேன். வரம்பும் கட்டணமும் மாறக்கூடியவை, நீங்கள் விண்ணப்பிக்கும் நாளில் தளத்தில் உள்ளதையே பாருங்கள். புகைப்படம், அடையாள அட்டை, இடத்துக்கான முகவரிச் சான்று, இவ்வளவுதான் ஏற்றினேன்.

நாத்தனாரின் 6,500-இல் இந்தப் பதிவுக்கு மட்டும் 2,500 ரூபாய் என்று ரசீதில் இருந்தது. எத்தனை ஆண்டுக்கு என்று பார்த்தால் ஒரே ஆண்டு. அதாவது அரசுக்குப் போனது 100 ரூபாய். இதைக்கூட உழைப்புக் கூலி என்று விட்டுவிடலாம். என்னால் விட முடியாதது வேறொன்று. விண்ணப்பத்தில் கைப்பேசி எண், மின்னஞ்சல் என்ற இடத்தில் ஏஜெண்டு தன்னுடைய எண்ணையும் தன்னுடைய மின்னஞ்சலையும் கொடுத்திருந்தார். கடவுச்சொல்லும் அவரிடம். பதிவு காலாவதியாகப் போகிறது என்ற செய்தி அவருக்குப் போகும். வாடிக்கையாளர் யாராவது புகார் கொடுத்து அலுவலர் விளக்கம் கேட்டால் அந்தக் கேள்வியும் அவருக்குத்தான் போகும். அப்பளத்தில் ஏதாவது சரியில்லை என்றால் சட்டத்துக்கு முன் பதில் சொல்ல வேண்டியவள் இவள். அந்தச் செய்தி இவள் கைப்பேசிக்கு வராது. "மதினி, அவர்தான் எல்லாம் பார்த்துக்கிறேன்னு சொன்னாரே" என்றாள் அவள். பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்று நாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏஜெண்டு மூலம் பதிபவர்கள் எல்லாருக்கும் நான் கெஞ்சிக் கேட்பது, உங்கள் கைப்பேசி எண், உங்கள் மின்னஞ்சல், உங்கள் கடவுச்சொல். இந்த மூன்றும் இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

விண்ணப்பித்த ஏழு நாளுக்குள் பதிவைத் தரலாம், காரணம் சொல்லி மறுக்கலாம், அல்லது நேரில் பார்க்க வருகிறோம் என்று சொல்லலாம் என்பது விதி. எனக்கு நேரில் பார்க்க வந்தார்கள். வட்டார உணவு பாதுகாப்பு அலுவலர் வருகிறார் என்றதும் என் கணவருக்குப் பதற்றம். ஆனால் வந்தவர் உள்ளே நுழையும் முன் செருப்பைக் கழற்றிவிட்டு, தலையில் தொப்பியை மாட்டிக்கொண்டார். அதைப் பார்த்ததுமே எனக்கு அவர் மேல் மரியாதை வந்துவிட்டது.

அவர் பார்த்த விதத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தச் சேவைதான் எனக்கு மிகவும் பயன்பட்டது. அரைக்கும் எந்திரத்தின் மூடியைத் திறக்கச் சொல்லி உள்ளே விரலால் தடவிப் பார்த்தார். மிளகாய் மூட்டையைச் சுவரோரம் தரையில் வைத்திருந்தேன். "அம்மா, மூட்டை தரையில வேண்டாம். பலகை போட்டு, சுவரை விட்டுத் தள்ளி வைங்க. ஈரம் ஏறினா மிளகாயில பூஞ்சை பிடிக்கும், கண்ணுக்குத் தெரியாது" என்றார். மிளகாய், நிலக்கடலை இரண்டிலும் பூஞ்சையால் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உருவாகும், வறுத்தாலும் முழுவதும் போகாது என்று விளக்கினார். ஜன்னலுக்கு வலை அடிக்கச் சொன்னார். வறுக்கும் இடத்துக்கும் பொட்டலம் போடும் இடத்துக்கும் நடுவே ஒரு தடுப்பு வைக்கச் சொன்னார். தண்ணீரைப் பரிசோதித்து வைத்துக்கொள்ளுங்கள், வேலை செய்பவர்களுக்கு மருத்துவச் சான்று வாங்குங்கள், டைஃபாய்டு ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்றார். அவருக்கு நான் எதையும் தரவேண்டியிருக்கவில்லை, தேநீர்கூடக் குடிக்கவில்லை. முப்பது வருஷமாகப் பொடி இடிக்கிறேன், இவ்வளவு விஷயத்தை எனக்கு யாரும் சொன்னதில்லை. ஏஜெண்டுகள் "இன்ஸ்பெக்‌ஷன் வராம பாத்துக்கலாம்" என்று சொல்வதை ஒரு சலுகை போலச் சொல்கிறார்கள். அந்தப் பார்வைதான் 100 ரூபாய்க்குக் கிடைக்கும் அருமையான பாடம். அதை ஏன் தவிர்க்க வேண்டும்?

பதிவு வந்ததும் 14 இலக்க எண் கிடைக்கும். அதை லேபிளில் போட வேண்டும். லேபிள் என்பதே தனி உலகம், ஏஜெண்டு பேக்கேஜில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக எழுத வேண்டும். பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி. தொகுதி எண், தயாரித்த தேதி, எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும், முழு முகவரி, புகார் சொல்ல ஒரு எண். ஒவ்வாமை தரும் பொருள் இருந்தால் தனியாகச் சொல்ல வேண்டும். என் இட்லிப் பொடியில் நிலக்கடலை உண்டு, அது புரிகிறது. பெருங்காயத்தில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், டப்பாவின் பின்பக்கம் படித்தால் தெரியும். கோதுமை ஒத்துக்கொள்ளாத ஒருவர் நம் பொடியில் வெறும் பருப்பும் மிளகாயும்தானே என்று நம்பிச் சாப்பிட்டுவிடக் கூடாது. நான் இப்போது அரிசி மாவு சேர்த்த பெருங்காயம் பார்த்து வாங்குகிறேன்.

அதே லேபிளில் எடையும் விலையும் வேறொரு சட்டத்தின் கீழ் வருகின்றன. சட்டமுறை எடையளவு, பொட்டலப் பொருள் விதிகள், 2011. நிகர எடை, எல்லா வரியும் உட்பட எம்.ஆர்.பி., அதோடு ஓரலகு விலையும் போட வேண்டும். ஒரு கிலோவுக்குக் குறைந்த பொட்டலம் என்றால் கிராமுக்கு எவ்வளவு என்று எழுதவேண்டும். என் 200 கிராம் இட்லிப் பொடி 90 ரூபாய், ஆக கிராமுக்கு 0.45 ரூபாய். பொட்டலம் போட்டு விற்பவர்கள் தொழில் தொடங்கி 90 நாளுக்குள் பொட்டலமிடுபவராகத் தனியாகப் பதிந்துகொள்ள வேண்டும், கட்டணம் 500 ரூபாய். தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. உணவு அலுவலகத்தில் போய்க் கேட்டால் அவர்களுக்கு இது சம்பந்தமில்லை. எலக்ட்ரானிக் தராசுக்கும் ஆண்டுதோறும் முத்திரை வைக்க வேண்டும், அதுவும் இதே துறைதான். ஊருக்குள் பொடி விற்கும் எத்தனை பேரிடம் கேட்டேன், ஒருவருக்கும் இந்தப் பதிவைப் பற்றித் தெரியவில்லை. பேக்கேஜ் போட்டு விற்கும் ஏஜெண்டுகள் சொல்லியிருக்க வேண்டிய முதல் விஷயம் இது. கடையில் சோதனை நடந்தால் முதலில் கையில் எடுத்துப் பார்ப்பது பொட்டலத்தைத்தானே.

ஜி.எஸ்.டி.யைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டுக்குள் சரக்கு விற்பவர்களுக்கு ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால்தான் கட்டாயம். வெளி மாநிலத்துக்கு வரி உள்ள சரக்கை விற்றால் இந்த வரம்பு பொருந்தாது, முதல் விற்பனைக்கே பதிய வேண்டும். பெங்களூரில் இருக்கும் சொந்தக்காரர்கள் மூலம் அங்கே கடைகளுக்குப் போடலாம் என்று நினைப்பவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும். எனக்கு இப்போதைக்குத் தேவையில்லை என்பதால் எடுக்கவில்லை. நாத்தனாருக்கும் தேவையே இல்லை. பேக்கேஜில் இருந்தது என்பதற்காக எடுத்துக் கொடுத்தார்கள். பதிவு இலவசம்தான். ஆனால் பதிந்த பிறகு விற்பனை இருக்கிறதோ இல்லையோ ரிட்டர்ன் என்ற வரிக் கணக்கைத் தாக்கல் செய்துகொண்டே இருக்க வேண்டும், விற்பனையே இல்லாத ரிட்டர்னுக்கும் தாமதமானால் நாளுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம் ஓடும். அதைத் தாக்கல் செய்ய ஏஜெண்டுக்கு மாதம் 500 ரூபாய். இலவசப் பதிவை ஏன் பேக்கேஜில் சேர்த்தார்கள் என்று அப்போது புரிந்தது. அப்பளம் விற்று மாதம் ஐயாயிரம், ஆறாயிரம் மிச்சம் பார்க்கும் வீட்டில் 500 ரூபாய் சின்னத் தொகை இல்லை. பிறகு ரத்துக்கு விண்ணப்பித்து, அதற்கும் ஒரு இறுதி ரிட்டர்ன் கொடுத்து முடித்தோம். இந்த வேலையை ஏஜெண்டிடம் கொடுக்கவில்லை, ஊரில் உள்ள ஒரு கணக்காளரிடம் கொடுத்தோம். அவர் வாங்கிய கட்டணத்தை நான் மனசாரக் கொடுத்தேன். அறிவுக்கும் அனுபவத்துக்கும் கொடுக்கும் கூலி அது. முதல் கேள்வியே, "உங்களுக்கு ஜி.எஸ்.டி. எதுக்கும்மா எடுத்தாங்க?" என்றுதான் கேட்டார்.

உள்ளாட்சி உரிமத்தில்தான் கால் தேய்ந்தது. எந்த அலுவலகம் என்று இங்கே நான் சொல்லப்போவதில்லை. எந்திரம் வைத்து அரைக்கும் தொழிலுக்கு உள்ளாட்சியின் தொழில் உரிமம் வேண்டும். வீட்டுவரி ரசீது, வீட்டு உரிமையாளரின் சம்மதக் கடிதம், இட வரைபடம், எந்திரத்தின் குதிரைத்திறன், உணவுப் பாதுகாப்புப் பதிவின் நகல். வீடு கணவர் பெயரில் இருப்பதால் அவர் எனக்குச் சம்மதக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மனு கொடுத்தால் வாங்கி வைத்துக்கொண்டு அடுத்த வாரம் வாருங்கள் என்பார்கள், அடுத்த வாரம் போனால் சம்பந்தப்பட்டவர் பீல்டுக்குப் போயிருப்பார். மனு கொடுக்கும்போதே பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சியைத் தேதியோடு கேட்டு வாங்குங்கள். அந்த அத்தாட்சி கையில் வந்த பிறகுதான் என் கோப்பு நகர்ந்தது. நகர்ப்புற உள்ளாட்சிகளில் இணையம் வழியாக விண்ணப்பிக்கவும் வசதி இருக்கிறது, இ-சேவை மையத்தில் கேட்டுப் பாருங்கள். தொழில் உரிமமும் தொழில் வரியும் வேறு வேறு என்பதையும் நினைவில் வையுங்கள். தொழில் வரி அரையாண்டுக்கு ஒரு முறை கட்டுவது, அரசியல் சட்டப்படி ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் போக முடியாது. உரிமம் கேட்கப் போன இடத்தில் வரி ரசீதைக் கொடுத்து "இதுதான் உரிமம்" என்று அனுப்பிவிட்டதாக ஒரு தோழி சொன்னாள். ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு வெளியே வாருங்கள்.

மின்சாரத்தையும் மறக்காதீர்கள். வீட்டு இணைப்பில் அரைக்கும் எந்திரத்தை ஓட்டக் கூடாது. குடிசைத் தொழில், குறுந்தொழில் உற்பத்தியாளர்களுக்கென்று 3ஏ1 என்ற தனிக் கட்டண வகை இருக்கிறது, வணிகக் கட்டணத்தைவிடக் குறைவு. புது இணைப்பு கேட்கும்போது உற்பத்தி என்று பதிந்த உத்யம் சான்றிதழை இணைத்து அந்த வகையைக் கேளுங்கள்.

வங்கியில் நடப்புக் கணக்கு தொடங்கப் போனபோது முதல் வங்கியில் "ஜி.எஸ்.டி. இல்லாம கரண்ட் அக்கவுண்ட் ஓபன் பண்ண முடியாதும்மா" என்று சொல்லிவிட்டார்கள். அது சரியில்லை. ரிசர்வ் வங்கியின் விதிப்படி தனி உரிமையாளர் தொழிலுக்கு, தொழில் நடப்பதைக் காட்டும் இரண்டு ஆவணங்கள் போதும், உத்யம் சான்றிதழ் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லியே இருக்கிறது. உள்ளாட்சி உரிமமும் அதில் சேரும். இன்னொரு வங்கிக் கிளைக்குப் போய் உத்யம், உள்ளாட்சி உரிமம் இரண்டையும் வைத்தேன். கணக்குத் தொடங்கிவிட்டார்கள். ஜி.எஸ்.டி.யை வங்கிக்காகவே எடுத்த பெண்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து அப்படி எடுக்காதீர்கள், அடுத்த கிளைக்குப் போங்கள்.

இதற்கெல்லாம் துணைக்கு ஆளே இல்லையா என்று கேட்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. பிரதம மந்திரியின் குறு உணவுப் பதப்படுத்தும் நிறுவனங்களை முறைப்படுத்தும் திட்டம் 2020-இல் தொடங்கியது. வங்கிக் கடனில் எந்திரம் வாங்கினால் திட்டச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை மானியம் என்று நான் வாங்கியபோது இருந்தது. பல்வரைசர் என்ற என் அரைக்கும் எந்திரமும் பொட்டலம் ஒட்டும் எந்திரமும் அதில் வாங்கியவை. மானியத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிந்தது, அந்தத் திட்டத்தில் மாவட்ட வள நபர் என்று ஒருவரைத் தருகிறார்கள். திட்ட அறிக்கை எழுதுவது, வங்கியோடு பேசுவது, உத்யம், உணவுப் பதிவு எல்லாவற்றுக்கும் கூட நிற்பது அவர் வேலை. அவருக்கான ஊதியத்தை அரசே கொடுத்துவிடுகிறது, நம்மிடம் வாங்கக் கூடாது. 6,500 ரூபாய்க்கு விற்கும் சேவை இங்கே காசில்லாமல், அதைவிடக் கூடுதல் அக்கறையோடு கிடைத்தது. எனக்கு அமைந்தவர் லேபிளின் முதல் அச்சுப் படியை வாங்கிப் படித்து, நிகர எடையின் எழுத்து சின்னதாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்.

ஏஜெண்டைப் பற்றி நியாயமாக ஒன்று சொல்லிவிடுகிறேன். அவர் மரியாதையாகப் பேசினார், தமிழில் விளக்கினார், இரவு பத்து மணிக்குக் கேட்டாலும் பதில் போட்டார். நாத்தனார் அவரை நம்பியதற்கு அதுதான் காரணம். ஆங்கிலப் படிவத்தின் முன் உட்கார்ந்து நடுங்கும் ஒருத்திக்கு அந்தக் குரல் பெரிய தைரியம். அரசுத் தளங்கள் ஒவ்வொரு கேள்வியையும் நல்ல தமிழில், ஓர் உதாரணத்தோடு கேட்டால் இந்த வியாபாரம் பாதியாகக் குறைந்துவிடும். அதுவரை வீட்டில் ஒரு கல்லூரிப் பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்கார வையுங்கள், இல்லையென்றால் மாவட்டத் தொழில் மையம்.

நான் அடுத்து செய்திருப்பது என் பொடியின் பெயருக்கு வணிகக் குறி, அதாவது டிரேட்மார்க் விண்ணப்பம். மசாலாப் பொருள்கள் 30-ஆம் வகுப்பில் வருகின்றன. தனி நபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையவழிக் கட்டணம் 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. ஒரே பெயரில் வேறு யாரும் பதிந்திருக்கிறார்களா என்று பதிவேட்டில் தேடிப் பார்ப்பதும், ஆட்சேபம் வந்தால் பதில் எழுதுவதும் படித்தவர் செய்ய வேண்டிய வேலை. இதை மட்டும் நானே செய்யவில்லை. ஒரு வழக்கறிஞரிடம் கொடுத்து, அரசுக் கட்டணம் தனி, அவர் கட்டணம் தனி என்று இரண்டு ரசீது வாங்கியிருக்கிறேன். விண்ணப்ப எண் வந்த நாளிலிருந்து பெயருக்குப் பக்கத்தில் டி.எம். என்று போட்டுக்கொள்ளலாம். வட்டத்துக்குள் ஆர் போடுவது பதிவு முழுவதும் முடிந்த பிறகுதான், முன்னாலேயே போட்டால் குற்றம். அடுத்த லேபிள் அச்சுக்கு டி.எம். சேர்க்கச் சொல்லிவிட்டேன்.